மலையேறும் கேமராவை முதலில் தராசில் வையுங்கள்

"கேமரா வாங்கப் போகிறேன், எது நல்லது?" என்று நண்பர்கள் கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிராம்?" என்பதுதான். மெகா பிக்ஸல், ஜூம், 4கே வீடியோ எல்லாம் அதற்கப்புறம். கேட்டதும் சிலர் சிரிப்பார்கள். வெள்ளியங்கிரியில் நான் பட்ட பாட்டைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும்.

2019ம் ஆண்டு. இன்ஜினியரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சேர்த்த பணத்தில் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கியிருந்தேன். வருடம் தவறாமல் வெள்ளியங்கிரி மலை ஏறும் அப்பா, "இந்தத் தடவை நீயும் வாப்பா. கேமராவையும் எடுத்துக்க. ஏழாவது மலையில என்னை ஒரு போட்டோ எடுக்கணும்" என்றார். அவர் தானாக போட்டோ கேட்டது அதுதான் முதல் தடவை.

நானும் எல்லாவற்றையும் அள்ளிப் பைக்குள் வைத்தேன். கேமரா 730 கிராம், கூட வந்த லென்ஸ் 515 கிராம், டெலி ஜூம் லென்ஸ் 710 கிராம், ட்ரைபாட் 1.4 கிலோ. கூட்டிப் பாருங்கள், 3.3 கிலோவைத் தாண்டுகிறது. மூன்று லிட்டர் தண்ணீரைவிட அதிகம்!

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவில் ஏற ஆரம்பித்தோம். கழுத்தில் தொங்கிய கேமரா படிக்குப் படி நெஞ்சில் இடித்தது. வெள்ளை விநாயகர் கோயிலை எட்டுவதற்குள் அது பைக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் பையை இறக்கு, ஜிப்பைத் திற, லென்ஸ் மூடியைக் கழற்று என்று ஒரு சடங்கு. அப்பா இரண்டு மூன்று முறை நின்று பார்த்தார். பிறகு, "நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

ஏழாவது மலையில் சூரியன் எழுந்தபோது அப்பா ஒரு பாறை ஓரமாகக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். முகம் முழுக்க வெளிச்சம். நான் முப்பது படி கீழே ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தேன். கேமரா வெளியே வந்தபோது மேகம் மூடிவிட்டது. பிறகு அவரை நிற்க வைத்து எடுத்தேன். வெள்ளை மூட்டத்துக்கு நடுவே விறைப்பாக நிற்கும் ஒருவர், அவ்வளவுதான். அடுத்த வருடம் ஊரடங்கு. அதற்கடுத்து அப்பாவுக்கு முழங்கால் பிரச்சினை. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எடை எங்கிருந்து வருகிறது?

டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு கண்ணாடியும், அதற்கு மேல் ஒரு பிரிசமும் இருக்கும். இவை இடத்தையும் எடையையும் பிடித்துக்கொள்கின்றன. 2008ல் ஒலிம்பஸும் பானாசோனிக்கும் சேர்ந்து இந்தக் கண்ணாடியை நீக்கிவிட்டு 'மைக்ரோ போர் தேர்ட்ஸ்' என்ற முறையைக் கொண்டு வந்தன. மிரர்லெஸ் கேமராக்கள் பரவியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் கண்ணாடியை எடுத்துவிட்டால் மட்டும் எடை போய்விடாது. பெரிய சென்சாருக்குப் பெரிய லென்ஸ் வேண்டும். புல் பிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். மைக்ரோ போர் தேர்ட்ஸ் 17.3க்கு 13, பரப்பில் நான்கில் ஒரு பங்குதான். '1 இஞ்ச்' என்று விற்கப்படும் சென்சார் 13.2க்கு 8.8. சென்சார் பெரிதானால் இருட்டில் படம் தெளிவாக வரும் என்பது உண்மைதான். அந்தத் தெளிவுக்கு விலை கொடுப்பது உங்கள் பர்ஸ் மட்டுமல்ல, உங்கள் தோளும்தான்.

என் கணக்கு இது: நடைப் பயணத்துக்கு லென்ஸ், பேட்டரி எல்லாம் சேர்த்து 300 கிராமுக்குள் இருக்க வேண்டும். முடியுமா? தாராளமாக முடியும். 2012ல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100 கேமராவின் எடை 240 கிராம். 2019ல் வந்த ரிக்கோ ஜி.ஆர்.3, 257 கிராம், அதில் ஏ.பி.எஸ்.-சி. அளவு சென்சாரே இருக்கிறது, ஆனால் ஜூம் கிடையாது. நான் பழையதாகத் தேடி வாங்கியது 2013ல் வெளியான பானாசோனிக் ஜி.எம்.1. கேமரா 204 கிராம், 12-32 லென்ஸ் 70 கிராம். சட்டைப் பாக்கெட்டில் போட்டால் கொஞ்சம் புடைக்கும், அவ்வளவுதான்.

"வெறும் 16 மெகா பிக்ஸலா?" என்று கேட்காதீர்கள். 4கே டிவியில் இருப்பதே சுமார் 83 லட்சம் பிக்ஸல்தான். ஏ4 அளவில் பிரிண்ட் போடவும் 16 மெகா பிக்ஸல் தாராளம். குறை இல்லாமலும் இல்லை. வியூபைண்டர் கிடையாது, உச்சி வெயிலில் திரையைக் கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும். பறவை, விலங்கு எடுப்பவர்களுக்கு இது உதவாது; அவர்கள் டெலி லென்ஸைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

போன் போதாதா?

நியாயமான கேள்வி. பகல் வெளிச்சத்தில் இன்றைய நல்ல போன்கள் அருமையாக எடுக்கின்றன. உங்கள் போன் படங்களில் உங்களுக்குத் திருப்தி என்றால் காசை மிச்சம் பிடியுங்கள். ஆனால் மலையில் போன்தான் டார்ச், போன்தான் வரைபடம், அவசரத்துக்கு அழைப்பதும் அதில்தான். படம் எடுத்தே அதன் பேட்டரியைத் தீர்த்துவிட்டால் ஆபத்து. தனி கேமராவின் பேட்டரி தீர்ந்தால் படம் மட்டும்தான் போகும். வியர்த்த விரலால் தொடுதிரையைத் தடவுவதைவிட பட்டனை அழுத்துவது சுலபம் என்பது இன்னொரு லாபம்.

கையாளும் முறை

கேமராவைப் பைக்குள் வைக்காதீர்கள். பையின் தோள்பட்டையில் ஒரு சின்ன பவுச் மாட்டி அதில் வையுங்கள். நடந்துகொண்டே ஐந்து விநாடிக்குள் எடுக்க முடிய வேண்டும். இதை வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம்.

ட்ரைபாட் வேண்டாம். மூங்கில் தடியை ஊன்றி, அதன் தலையில் கேமராவை அழுத்திப் பிடித்து, 2 விநாடி டைமர் வைத்தாலே ஆட்டம் வெகுவாகக் குறையும். சூரிய உதயத்தில் எக்ஸ்போஷரை 0.7 அல்லது 1 குறைத்து வையுங்கள்; வானத்தின் நிறம் வெளுக்காது. படங்களை 'ரா' பைலாகவும் சேமித்தால், நிழலில் மறைந்த முகத்தை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஓரளவு மீட்கலாம்.

சின்ன கேமராவில் பேட்டரியும் சின்னதுதான். ஜி.ஆர்.3க்கு ஒரு சார்ஜில் சுமார் 200 படம் என்பதே கணக்கு. கூடுதலாக ஒன்றை உள்சட்டைப் பாக்கெட்டில் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். குளிரிலிருந்து சூடான பஸ்ஸுக்குள் ஏறும்போது கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள். அரை மணி நேரம் திறக்காமல் இருந்தால் லென்ஸில் ஈரம் படியாது.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி. இரண்டையும் திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை பார்மட் செய்யுங்கள்.

2024ல் ஆபீஸ் நண்பர்களோடு மறுபடியும் வெள்ளியங்கிரி ஏறினேன். இந்தத் தடவை 274 கிராம்தான். இறங்கி வந்து படங்களை வீட்டு டிவியில் ஓட்டினேன். கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை என்று அப்பா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது மலையின் பாறை வந்ததும், "இங்கதான்ப்பா நின்னேன்" என்றார். வெளிச்சம், மேகம், பாறை எல்லாம் சரியாக வந்திருந்தது. அப்பாதான் படத்தில் இல்லை.

எனவே கேமரா வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வாங்க நினைக்கும் கேமரா, லென்ஸ் இவற்றின் எடையைக் கூட்டுங்கள். அதே எடைக்கு அரிசியை ஒரு துணிப்பையில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மொட்டை மாடிக்குப் பத்து முறை ஏறி இறங்குங்கள். பதினோராவது முறையும் கழற்றத் தோன்றவில்லை என்றால் அந்தக் கேமராவைத் தாராளமாக வாங்கலாம்.