மவுஸை அவர்கள் கையிலேயே விடுங்கள்



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. செய்முறை வகுப்பு என்றால் இரண்டு பீரியட் சேர்ந்து வருமே, அப்படி நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் அம்மா பாடிய தாலாட்டுகளில் ஏழெட்டு இன்னும் என் அக்காவின் தொண்டையில்தான் இருக்கின்றன. யாரும் எழுதி வைக்கவில்லை. அக்காவுக்கு இப்போது வயது 76. சென்ற பொங்கலுக்கு ஒரு பாட்டைப் பாடச் சொன்னோம். இரண்டு கண்ணி பாடினார். மூன்றாவது வரவில்லை. "என்னமோ மறந்துபோச்சு தம்பி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருப்பதையாவது பதிவு செய்து வைத்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

நம் வீட்டு ஆர்மோனியத்தில் துருத்தி கிழிந்து வருடங்கள் ஆகின்றன. விஷயத்தைக் கேள்விப்பட்ட மகன் 49 விசைகள் உள்ள ஒரு மிடி கீபோர்டு வாங்கி அனுப்பினான். ஆவலோடு பிரித்து, கம்ப்யூட்டரில் செருகி, ஒரு விசையை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. பழுதான பொருளை அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அக்காவின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். கணினி வேலை. அவனைக் கூப்பிட்டேன். என் திரையை அங்கிருந்தபடியே தன் கைக்குள் எடுத்துக்கொண்டான். "மாமா, நீங்க மவுஸை விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை நிறுவினான். அம்புக்குறி இங்கும் அங்கும் ஓடியது. பத்தே நிமிடத்தில் கீபோர்டிலிருந்து நாதம் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அவன் போனபின் அரைமணி நேரம் வாசித்தேன். மூடும்போது "சேமிக்கவா?" என்று கேட்டது. எதைச் சேமிப்பது என்று எனக்கு எங்கே தெரியும்? வேண்டாம் என்று அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் காலை அக்கா பஸ் ஏறி வந்தார். மென்பொருளைத் திறந்தேன். திரை வெறுமையாக இருந்தது. விசையை அழுத்தினால் மௌனம். மருமகனுக்கு அங்கே அலுவலக நேரம். போனை எடுக்க முடியாது. அக்கா இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "பரவாயில்ல தம்பி, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். 76 வயதுக்காரர் சொல்லும் இன்னொரு நாள், நாம் சொல்லும் இன்னொரு நாள் அல்ல.

அன்று எனக்கு மருமகன்மேல் கோபம் இல்லை. அவன் இதைப் படிப்பான், தவறாக நினைக்கவும் மாட்டான். ஆனால் ஒன்று உறைத்தது. அவன் எனக்கு ஒலியைக் கொடுத்தான். ஒலி நின்றால் எங்கே தேடுவது என்பதைக் கொடுக்கவில்லை.

பிறகு நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். முதலில் புரிந்தது, அந்தக் கீபோர்டு பழுதே இல்லை என்பது. அதற்குக் குரல் கிடையாது. அது அனுப்புவது ஒலி அல்ல, எண்கள். நடு ஸ்தாயி ஸி விசையை, அதாவது நம் கணக்கில் ஒரு கட்டையை அழுத்தினால் 60 என்ற எண் போகிறது. எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பது 1 முதல் 127 வரை இன்னோர் எண். விசையை விட்டதும் விட்டேன் என்று ஒரு செய்தி. அவ்வளவுதான். அந்த எண்களை வாங்கி ஒலியாக்குவது கணினிக்குள் இருக்கும் ஒரு மென்பொருள் வாத்தியம்.

இந்த எண் மொழி வந்த கதையும் நல்ல கதை. அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் மின்னணு வாத்தியம் இன்னொன்றின் வாத்தியத்தோடு பெரும்பாலும் பேசாது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வாத்தியத்தையும் ஜப்பானின் ரோலண்டு வாத்தியத்தையும் ஒரே கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசிக்க, மற்றதும் ஒலித்தது. போட்டி நிறுவனங்கள் கூடி ஒரு பொது மொழியை ஏற்றுக்கொண்டதற்காக, அவற்றின் தலைவர்களான டேவ் ஸ்மித்துக்கும் இக்குடாரோ காக்கேஹாஷிக்கும் 2013-ல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. 40 வருடம் தாண்டியும் அதே மொழிதான் என் மேஜைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எண் போகிறது, ஒலி பிறகு பிறக்கிறது. இந்த ஒன்று புரிந்ததும் மற்றதெல்லாம் நமக்குப் பழகிய மின்சுற்றுதான். எண் போகும் பாதையில் ஐந்து நிலையங்கள்.

முதலாவது, கம்பி. சில யுஎஸ்பி கம்பிகள் சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும். கீபோர்டில் விளக்கு எரியும், ஆனால் தகவல் போகாது.

இரண்டாவது, அனுமதி. மென்பொருளின் அமைப்புகளுக்குள் மிடி உள்ளீடுகள் என்ற பட்டியலில் நம் கீபோர்டின் பெயர் இருக்க வேண்டும். அது இயக்கப்பட்டும் இருக்க வேண்டும். விண்டோஸில் இன்னோர் இசை மென்பொருள் திறந்திருந்தால் அது கீபோர்டைப் பிடித்து வைத்துக்கொண்டு இதற்கு விடாமல் இருக்கலாம்.

மூன்றாவது, டிராக். ஒரு டிராக்கைத் திறந்து, பதிவுக்குத் தயார் என்ற சிவப்புப் பொத்தானை அழுத்தி, அதன் உள்ளீடு மைக் அல்ல, மிடி என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது, வாத்தியம். அந்த டிராக்கில் ஒரு மென்பொருள் வாத்தியத்தை ஏற்ற வேண்டும். ரீப்பருடனேயே ரியாசிந்த் என்று எளிமையான ஒன்று வருகிறது. சோதித்துப் பார்க்க அது போதும்.

ஐந்தாவது, காது. வாசிப்பது உடனே கேட்கும்படி மானிட்டர் பொத்தான் இயங்க வேண்டும். ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போகிறது என்பதும் சரியாக இருக்க வேண்டும்.

சத்தம் வராவிட்டால் ஐந்தையும் கலைத்துப் போடாதீர்கள். ஒரு விசையை அழுத்திக்கொண்டு டிராக்கின் அளவுமானியைப் பாருங்கள். அங்கே அசைவு இருந்தால் எண் வந்துவிட்டது. குறை வாத்தியத்திலோ அதற்குப் பிறகோ. அசைவே இல்லையென்றால் குறை அதற்கு முன்னால். ஒரே பார்வையில் பாதி வழி முடிந்துவிடும். என் கதையில் கம்பியும் அனுமதியும் அப்படியே இருந்தன. சேமிக்காமல் மூடியதால் டிராக்கும் வாத்தியமும் மட்டும் காணாமல் போயிருந்தன. இரண்டு நிமிட வேலை. அதற்காக அக்கா ஒரு நாளை இழந்தார்.

இதை எழுதும்போது என் மனசாட்சியே என்னைக் குத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மீட்டர் சமனச்சுற்று நினைவிருக்கிறதா? தொடுசாவியைக் கம்பியின் இரு முனைகளிலும் தொட்டால் கால்வனாமீட்டர் முள் எதிரெதிர்ப் பக்கம் விலக வேண்டும். ஒரே பக்கம் விலகினால் இணைப்பில் தவறு. "சார், ஒரே பக்கம் ஓடுது சார்" என்று கூப்பிடுவீர்கள். நான் வந்து உங்கள் கையிலிருந்து வயரைப் பிடுங்கி, இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவேன். 45 பேருக்கு மூன்று கால்வனாமீட்டர், பொதுத்தேர்வு நெருங்குகிறது என்று என்னிடம் காரணம் இருந்தது. நீங்களும் நல்ல மதிப்பெண் வாங்கினீர்கள். ஆனால் தவறு எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் பாடம். அதை நான் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். மருமகன் எனக்குச் செய்ததை, நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் செய்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

"சார், வயதானவர்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்? நாங்களே செய்து கொடுத்துவிட்டுப் போகிறோமே" என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை செய்து மறந்துவிடும் காரியம் என்றால் தாராளமாகச் செய்து கொடுங்கள். ஆனால் தினமும் கையாளும் ஒன்று, நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் மக்கர் செய்யும். செய்து கொடுக்கப் பத்து நிமிடம். சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்தால் பெற்றோர் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். கொடுக்காவிட்டால் அந்தப் பெட்டி பரண்மேல் ஏறும். உங்களிடம் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டே பரணில் போட்டவர்களை நான் அறிவேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் இதே கதைதான்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. மவுஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்கள். "இங்கே அழுத்து" என்பதோடு நிறுத்தாமல், ஏன் அழுத்துகிறோம் என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கம்பியைப் பிடுங்கிவிட்டு, "இப்போ நீங்களே சரிபண்ணுங்க" என்று சொல்லிக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு கஷ்டம்தான். எனக்கே வராத பொறுமையை உங்களிடம் கேட்கிறேன்.

அடுத்த வாரம் அக்கா மறுபடி வந்தார். இந்த முறை விசையை அழுத்தி ஒரு கணம் கழித்தே ஒலி வந்தது. "நீ தொடுறது ஒரு நேரம், கேக்கறது ஒரு நேரமா இருக்கே" என்றார் அக்கா. கணினி ஒலித் துணுக்குகளைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபர் 1024 என்று இருந்தது. நொடிக்கு 44,100 துணுக்குகள் என்றால் அது ஏறக்குறைய 23 மில்லி நொடி. ஸ்பீக்கரை எட்டு மீட்டர் தள்ளி வைத்துக் கேட்பது போல. 256 ஆக்கியதும் தாமதம் 6 மில்லி நொடிக்குள் அடங்கியது. இன்னும் குறைத்தபோது ஒலி பொரிந்தது, விட்டுவிட்டேன்.

அக்கா இளமையில் ஐந்து கட்டையில் பாடுவார் என்ற நினைப்பில் பின்னணியை அதிலேயே வாசித்து வைத்திருந்தேன். குரல் எட்டவில்லை. முகம் வாடிவிட்டது. எண்தானே பதிவாகியிருக்கிறது! எல்லாச் சுரங்களையும் தேர்ந்தெடுத்து இரண்டு படி இறக்கினேன். 67 இருந்த இடத்தில் 65. ஐந்து கட்டை நான்கு கட்டையானது. மறுபடி வாசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யுஎஸ்பி மைக்குக்கு முன்னால் கண்ணை மூடிப் பாடினார். ஐந்து பாட்டுகள் பதிவாகிவிட்டன. ஒவ்வொன்றுக்குப் பிறகும் மறக்காமல் சேமித்தேன்.

அந்த மூன்றாவது கண்ணி மட்டும் இன்னும் வரவில்லை. அம்மா மடியில் தாலாட்டுக் கேட்டுத் தூங்கிய உறவுகள் யாருக்காவது அது நினைவிருந்தால், ராகம் தப்பினாலும் பரவாயில்லை, போனில் பாடி அனுப்புங்கள். சேர்ப்பது எப்படி என்று எனக்கு இப்போது தெரியும்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்