இடுப்பு வலியோடு செய்தால்தான் சேவையா?

செலாயாங் வட்டாரக் கோயில் தொண்டூழியர்கள் சிலர் சேர்ந்து எழுதும் பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். ஆடி மாத வேலைகள் தொடங்குறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும்னு நினைக்கிறோம். பொறுமையா படிங்க. வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

விஷயம் இதுதான். நம்ம கோயில்களில் சேவை செய்யும் பலருக்குத் தீராத உடம்பு வலி இருக்கு. அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டும் அம்மாக்களுக்கு இடுப்பும் கழுத்தும். அண்டாவில் சாம்பார் கிண்டும் அண்ணன்களுக்குத் தோள்பட்டை. பாசார் போரோங்கிலிருந்து மூட்டை தூக்கி வரும் தம்பிகளுக்கு நடு முதுகு. தைப்பூசத்தில் பத்துமலைத் தண்ணீர்ப் பந்தலில் நாள் முழுக்கச் செருப்பில்லாமல் நின்றவர்களுக்குக் குதிகால்.

கேட்டா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, அம்மா பாத்துக்குவா"ன்னு சிரிச்சுட்டு கோடாலித் தைலத்தைத் தடவிக்கிறாங்க. ஹேண்ட்பேக்கில் எப்பவும் ஒரு அட்டை வலி மாத்திரை இருக்கும். வலியைச் சொன்னா சமையல்கட்டிலிருந்து ஒதுக்கிடுவாங்களோ என்ற பயமும் சிலருக்கு இருக்கு. பிள்ளைகள் தனித்தனியா போன பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அந்தச் சமையல்கட்டுதான் அவங்களுக்குச் சொந்தபந்தம். அதனால் வலியை மறைக்கிறாங்க.

இந்த மறைப்பு வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. வலி ஏன் வருது என்று தெரிஞ்சுக்கணும். கை வைத்துச் செய்யும் சிகிச்சை எதுவரைக்கும் உதவும் என்றும் தெரிஞ்சுக்கணும். அதைவிட முக்கியம், வலியைக் கொடுக்கும் வேலை முறையைக் கோயில் மாற்றணும்.

முதலில் வலியைப் பற்றி. நம்ம உடம்பில் தசைகளைச் சுற்றியும், தசைகளுக்கு இடையிலும், நரம்பு, ரத்தக் குழாய், உள்ளுறுப்புகளைச் சுற்றியும் ஒரு மெல்லிய உறை ஓடுது. ஃபேசியா என்று பெயர். தசையுறை என்று நாம சொல்லிக்கலாம். ஆரஞ்சு உரிக்கும்போது சுளைகளைச் சுற்றி வெள்ளையா ஒரு தோல் இருக்கும் பாருங்க, கிட்டத்தட்ட அது மாதிரி. உடற்கூறு படிப்பவர்கள் தசையைப் பார்ப்பதற்காக ரொம்ப காலம் இதை அறுத்து ஒதுக்கித்தான் வைத்தார்கள். இதற்கென்றே முதல் உலக ஆய்வு மாநாடு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது 2007-இல்தான்.

இந்த உறை பல அடுக்காக இருக்கு. ஒரு அடுக்கு மேல் இன்னொரு அடுக்கு வழுக்கிப் போனாதான் நாம குனியலாம், நிமிரலாம், கை தூக்கலாம். வழுக்குவதற்கு நடுவில் ஹயலூரோனான் என்ற வழவழப்பான பொருள் இருக்கு. அசைவு இருக்கும் வரைக்கும் அது இளகியே இருக்கும். ஒரே நிலையில் மணிக்கணக்கா உட்கார்ந்தாலோ, அடிபட்டாலோ, அறுவை சிகிச்சைத் தழும்பு இருந்தாலோ அந்த வழுக்கல் குறையலாம்.

சாமிக்குப் பட்டு சாத்துபவர்களுக்கு இது சுலபமா புரியும். சுத்தமான பட்டு மடிப்பு மேல் மடிப்பா வழுக்கிக்கிட்டு போகும். அதே துணியில் பஞ்சாமிர்தம் பட்டுக் காய்ந்துவிட்டால்? மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கும். ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா இன்னொரு ஓரம் இழுபடும். உடம்பிலும் அப்படி நடக்கலாம். இந்த உறையில் வலியை உணரும் நரம்பு நுனிகள் நிறைய இருக்கு. அதனால்தான் இழுபடும்போது வலிக்குது, சில நேரம் பிடிச்ச இடம் ஒண்ணு, வலிக்கிற இடம் இன்னொண்ணா இருக்கு.

இதற்கு ஆதாரம் இருக்கான்னு கேட்கலாம். ஹெலன் லாஞ்சவின் என்ற ஆய்வாளரின் குழு 2011-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களின் கீழ் முதுகை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வலி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், அங்கே உறை அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்குவது சுமார் 20 விழுக்காடு குறைவு. ஆனா ஒரு விஷயம். வலி வந்ததால் அசைவு குறைஞ்சதா, அசைவு குறைஞ்சதால் வலி வந்ததா என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ரெண்டும் ஒன்றை ஒன்று வளர்க்கவும் கூடும்.

குதிகால் வலியும் இந்தக் குடும்பம்தான். உள்ளங்காலில் குதியிலிருந்து விரல் வரைக்கும் ஓடும் கெட்டியான பட்டையும் ஒரு ஃபேசியாதான். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் ஊசி குத்துவது மாதிரி இருந்தால் பெரும்பாலும் அதுதான். சிமெண்டுத் தரையிலும் டைல்ஸ் தரையிலும் வெறுங்காலோடு பல மணி நேரம் நிற்பவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, இப்போ சிகிச்சை. ஆஸ்டியோபதி என்ற பெயரைக் கோலாலம்பூரிலும் கிள்ளான் பக்கமும் இப்போ அதிகமா பார்க்கிறோம். அமெரிக்காவில் மிசூரி மாநில மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874-இல் முன்வைத்த முறை இது. 1892-இல் கர்க்ஸ்வில் என்ற ஊரில் இதற்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். கையாலேயே தொட்டுப் பார்த்து, எங்கே அசைவு குறைவு என்று கண்டுபிடித்து, மெதுவா அழுத்தி, நீட்டி, மூட்டுகளை அசைத்துச் செய்வார்கள். நமக்கு இது முற்றிலும் புதுசு இல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம் இருக்கு. ஊரில் பாட்டிமார்கள் கை கால் உருவிவிட்டதையும் நாம மறக்கலை.

பலன் இருக்கா? இருக்கு, ஆனா அளவோடு. 2013-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 455 பேர் கலந்துகொண்டார்கள். நிஜமான ஆஸ்டியோபதி சிகிச்சை பெற்றவர்களில் 63 விழுக்காட்டினருக்கு வலி ஓரளவு நன்றாகக் குறைந்தது. சும்மா தொட்டுவிட்ட போலிச் சிகிச்சை பெற்றவர்களிலும் 46 விழுக்காட்டினருக்குக் குறைந்தது. 2021-இல் பிரான்சில் 400 பேரிடம் நடந்த ஆய்வில் வித்தியாசம் இன்னும் சின்னது. அன்றாட வேலை செய்யும் திறன் மட்டும் கொஞ்சம் கூடியது. வலி குறைந்ததில் போலிச் சிகிச்சையைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை.

இதில் நமக்கு ரெண்டு பாடம் இருக்கு. அக்கறையான ஒரு கை பட்டாலே, ஒருவர் உட்கார்ந்து நம்ம வலியைக் கேட்டாலே உடம்பு கொஞ்சம் இளகுது. அது உண்மை. அதே சமயம், "பத்து தடவை வாங்க, ஒட்டினதை எல்லாம் பிரிச்சு விடுறேன், ஆயுசுக்கும் வலி வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. தொடையின் வெளிப்பக்க உறையும் உள்ளங்கால் பட்டையும் எவ்வளவு உறுதி என்று 2008-இல் கணக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க. அதைக் கையால் இழுத்து நீட்ட மனிதக் கையின் பலம் பத்தாது. கை வைக்கும்போது கிடைக்கும் சுகம், பெரும்பாலும் நரம்புகள் அமைதியாகி, தசையின் இறுக்கம் தளர்வதால் வருவதாகத்தான் தெரியுது. அந்தத் தளர்வு கிடைத்த நேரத்தில் நாம அசையணும், நடக்கணும். அசையாம மறுபடி போய் அதே மணையில் அதே நாலு மணி நேரம் உட்கார்ந்தா, கொடுத்த காசு தைலம் மாதிரி காத்தோட போயிடும்.

யாரிடம் போவது? நம்ம நாட்டில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775 இருக்கு. அதன் கீழ் அங்கீகரிக்கப்பட்ட ஏழு துறைகளில் ஆஸ்டியோபதியும் ஒன்று. பாரம்பரிய இந்திய மருத்துவமும் அதில் ஒன்று. பிசியோதெரப்பிஸ்டுகளுக்கு அதே ஆண்டின் சட்டம் 774 இருக்கு. அதனால், "நீங்க பதிவு பெற்றவரா, சான்றிதழைக் காட்டுங்க" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கு. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. இன்னொன்று, அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படித்தவர்கள் முழு மருத்துவர்கள். இங்கே அப்படி இல்லை. அவர் சொன்னார் என்பதற்காகச் சர்க்கரை மாத்திரையையோ ரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னாடி ஒரு டாக்டரைப் பாருங்க. பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானே போதும். இடுப்பு வலியோடு தொடைகளுக்கு நடுவில் மரத்துப் போவது, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, கால் வலுவிழப்பது என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போகணும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்த பிறகு வந்த வலி, இதெல்லாம் இருந்தால் யாரும் உடம்பை உருவவே கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அங்கே கை வைப்பது ஆபத்து. எலும்பு தேய்ந்த பெரியவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், முதலிலேயே அதைச் சொல்லிடணும். நெஞ்சு வலி இடது கைக்குப் பரவினால் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கிட்டு உட்காராதீங்க.

நம்ம சமூகத்துக்குத் தனியா ஒன்று சொல்லணும். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது மற்றவர்களைவிட அதிகம். தோள் இறுகி, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையில் பூ வைக்க முடியாத நிலை சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் தோளை மட்டும் இழுத்து இழுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அதோடு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பவர்கள் மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அந்த ஹேண்ட்பேக் அட்டையைத்தான் சொல்றோம்.

இனி கோயில் நிர்வாகங்களுக்கு எங்கள் வேண்டுகோள். காய்கறி வெட்ட இடுப்பு உயரத்துக்கு மேசை போடுங்க. தரையில் உட்கார்ந்துதான் வெட்டணும் என்று எந்த ஆகமமும் சொல்லலை. உட்கார்ந்து வெட்ட விரும்புபவர்கள் உட்காரட்டும், ஆனா முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து ஆள் மாறட்டும். அண்டா பக்கமும் பாத்திரம் கழுவும் இடத்திலும் கெட்டியான ரப்பர் விரிப்பு போடுங்க. சமையல்கட்டுக்குள் மட்டும் போட சுத்தமான செருப்பு தனியா வையுங்க, வழுக்கி விழுவதும் குறையும். மூட்டை இழுக்க ஒரு தள்ளுவண்டி வாங்குங்க. அரிசி மூட்டை உபயம் தரும் அன்பர்கள் 25 கிலோவுக்குப் பதிலா 10 கிலோ பைகளாகத் தரலாமே. ஒரு வருஷம் மேசைக்கும் விரிப்புக்கும் உபயம் எடுத்துக்கொள்ளும் குடும்பம் இருந்தா, அதுவும் அன்னதானப் புண்ணியம்தான்.

முக்கியமா, வலியைச் சொன்னவரை ஒதுக்காதீங்க. கூப்பன் கொடுப்பது, பூ தொடுப்பது, கணக்கு எழுதுவது, புதுசா வந்த பிள்ளைகளுக்குச் சாம்பார் பக்குவம் சொல்லிக் கொடுப்பது என்று எத்தனையோ வேலை இருக்கு. வேலையை மாற்றிக் கொடுங்க, ஆளை அனுப்பிடாதீங்க.

சிலர் கேட்பாங்க: "காவடி எடுக்கிறவங்க படாத கஷ்டமா? சேவைன்னா வலி இருக்கத்தான் செய்யும்." மரியாதையோடு பதில் சொல்றோம். நேர்த்திக்கடன் என்பது ஒருவர் தானே வேண்டிக்கொண்டு, விரதம் இருந்து, ஒரு நாளைக் குறித்து ஏற்றுக்கொள்வது. 272 படி ஏறி இறக்கி வைத்ததும் அது முடியுது. சமையல்கட்டில் வரும் இடுப்பு வலியை யாரும் வேண்டிக்கொள்ளலை. அது மேசை உயரம் சரியில்லாததால் வருது, ஆடி முடிஞ்சும் தீபாவளி வரைக்கும் கூடவே இருக்கு. ரெண்டையும் ஒண்ணாக்கினா நேர்த்திக்கடனுக்கும் மரியாதை இல்லை, அந்த அம்மாக்களுக்கும் மரியாதை இல்லை.

கடைசியா, செலவில்லாத ஒரு வழி. ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், இடுப்பு வலி வந்து குணமான 701 பேர் இருந்தார்கள். படிப்படியா நடைப்பயிற்சி கற்றுக்கொண்டவர்களுக்கு வலி மறுபடி வருவது வெகுவாகத் தள்ளிப் போனது. நமக்கு நடக்க இடமா இல்லை? பிரகாரம் இருக்கு. பூஜைக்குக் கால் மணி நேரம் முன்னாடி வந்து, பேச்சைக் குறைத்து, கையை வீசி நிதானமா வலம் வாங்க. முதல் வாரம் மூன்று சுற்று போதும், பிறகு கூட்டிக்கலாம். காய்கறி வெட்டும் குழுவும் இடைவேளையில் எழுந்து ஒரு சுற்று வரட்டும்.

உங்க கோயிலில் மேசை, விரிப்பு, ஆள் மாற்றும் முறை ஏற்கெனவே இருந்தா கீழே எழுதுங்க, மற்ற கோயில்களும் பார்த்துச் செய்யட்டும். வலியோடு சேவை செய்யும் அம்மாவோ அக்காவோ வீட்டில் இருந்தா, இந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க.

அம்மன் அருளால் எல்லாரும் நலமா இருக்கணும். ஆடியில் சமையல்கட்டில் சந்திப்போம்.