மூன்று இலக்குகள், ஒரே படகு



"பரீட்சை நெருங்குகிறது, விளையாட்டை விட்டுவிடு. இரண்டு தோணியில் கால் வைக்காதே" என்று உங்கள் வீட்டில் யாரேனும் கூறியிருப்பார்கள். அது அக்கறையால் எழும் சொல். எனினும் விளையாட்டு, கல்வி, சமூக சேவை ஆகிய மூன்றையும் இலக்காகக் கொள்ளும் மாணவன் பல தோணிகளில் கால் வைப்பவன் அல்லன் என்பதே எமது கருத்தாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் துடுப்புப் படகோட்டத்தில் ஈடுபடும் மாணவர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

முதலாவது விளையாட்டு. எட்டுப் பேர் வலிக்கும் படகில் ஒவ்வொருவரிடமும் ஒரு துடுப்பு மாத்திரமே உண்டு. நால்வர் ஒரு புறமும் நால்வர் மறுபுறமும் வலிப்பர். ஒரு புறம் தளர்ந்தால் படகு நேரே செல்லாது. அவர்கள் எல்லைக்கோட்டுக்கு முதுகு காட்டியே அமர்ந்திருப்பர். முன்னே பார்த்து வழிநடத்துபவர் சுக்கான் பிடிக்கும் ஒன்பதாமவரே. 2000 மீற்றர் போட்டியில் இருநூறு தடவைக்கு மேல் துடுப்புப் போட வேண்டும். முடிவிடம் கண்ணுக்குத் தெரியாத நிலையில், அடுத்த துடுப்பைச் சரியாகப் போடுவதே அவர்கள் செய்யக்கூடியது. இலக்கும் அவ்வாறே அமைய வேண்டும். "சம்பியன் ஆவேன்" என்பது ஆசை. "இந்த மாதம் ஒரு நாளேனும் அதிகாலைப் பயிற்சியைத் தவறவிடேன்" என்பது இலக்கு.

இரண்டாவது கல்வி. அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதலாம் பிரிவில் போட்டியிட விரும்பும் மாணவர், உயர்நிலைப் பாடசாலையிலேயே 16 அடிப்படைப் பாடநெறிகளை உரிய புள்ளிகளுடன் முடித்திருக்க வேண்டும். போட்டிக் காலத்தில் கட்டாயப் பயிற்சி வாரத்துக்கு 20 மணித்தியாலத்தை மீறலாகாது என்பதும் அச்சங்கத்தின் விதியாகும். விளையாட்டுக்கு வரம்பு வேண்டும் என்பதை விளையாட்டை நடத்துவோரே ஏற்றுள்ளனர். ஆகவே உங்கள் புள்ளிகள் குறைந்தால் பயிற்சி நேரத்தைக் குறையுங்கள். அது தோல்வி அன்று. ஆனால் முற்றாகக் கைவிடும் முன்னர், விட்ட நேரம் உண்மையில் புத்தகத்துக்குத்தான் போகிறதா என்று உங்களையே கேளுங்கள்.

வறுமையிலும் இவ்விரண்டும் கைகூடும் என்பதற்கு ஜோ ரான்ட்ஸ் சான்றாவார். பதின்ம வயதிலேயே குடும்பத்தினரால் தனித்து விடப்பட்ட அவர், உடலுழைப்பால் பணம் தேடி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1935 கோடையில் கிராண்ட் கூலி அணைக்கட்டு வேலைத்தளத்தில் பாறை உடைத்தார். 1936 இல் பெர்லின் ஒலிம்பிக்கில் அவரது படகு இத்தாலியை 0.6 விநாடியால் முந்தித் தங்கம் வென்றது. அவர் பின்னர் போயிங் நிறுவனத்தில் பொறியியலாளரானார். அதே படகில் இருந்த வேறு இருவர் வைத்தியராகவும் சட்டத்தரணியாகவும் உயர்ந்தனர்.

மூன்றாவது சமூக சேவை. பலர் இதனைச் சான்றிதழுக்கான அலங்காரமாகவே கருதுகின்றனர். ஆனால் அதே 1936 இல் நடந்ததைப் பாருங்கள். தெரிவுப் போட்டியில் வென்ற வாஷிங்டன் அணியிடம், பெர்லின் செல்வதற்கான பணத்தை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும் எனக் கூறப்பட்டது. பொருளாதார மந்தத்தால் வாடிய காலம் அது. அப்படியிருந்தும் சியாட்டில் நகர மக்களும் அம்மாநிலத்தவரும் சில நாட்களுக்குள் 5000 டொலரைத் திரட்டிக் கொடுத்தனர். அந்த உதவி இல்லையேல் அவர்கள் பெர்லின் போய்ச் சேர்ந்திருப்பது அரிது. நாமும் பிறர் தந்த கையால்தான் வளர்கிறோம். சமூக சேவை என்பது வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

எனவே "50 மணித்தியாலம் சேவை செய்தேன்" என எழுதிக்கொள்வதைவிட, நீச்சல் தெரியாத ஒரு சிறுவன் என்னிடம் கற்று நீந்தினான், கணிதத்தில் பின்தங்கிய ஒரு மாணவி தானே கணக்கைச் செய்தாள் என்று சொல்ல முடிவதே மேலானது. பிறருக்கு விளக்கும்போது நமது பாடமும் தெளிவாகும்.

மாணவர்களே, படகில் துடுப்புகள் பல; படகோ ஒன்றுதான். இன்றே ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள்: இவ்வாரம் எந்த நாட்களில் பயிற்சி, எந்தப் பாடத்தில் எந்த அலகு, யாருக்கு எந்த உதவி. அடுத்த ஞாயிறு மாலை அதனை எடுத்துப் பாருங்கள். எந்தப் புறம் தளர்ந்தது என்பதை அத்தாளே காட்டும். அந்தப் புறத்தைச் சற்று வலுவாக வலியுங்கள். படகு நேரே செல்லும்.