பாட்டுப் பெட்டி அன்று

இலங்கை வானொலியின் பொற்காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும், கடலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே குரலில், அது ஒலிபரப்பிய திரைப்பாடல்களையும் அவற்றை அறிமுகம் செய்த அறிவிப்பாளர்களையும் வியந்து போற்றிவிட்டு, அந்நிலையம் செய்த மற்றவற்றையெல்லாம் பொழுதுபோக்குச் சில்லறை என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. கே. எஸ். ராஜாவின் குரல்வேகத்தையும் அப்துல் ஹமீதின் உச்சரிப்புச் சுத்தத்தையும் குறைத்து மதிப்பவனல்லன் நான். ஆயினும், 1925 டிசம்பரில் கொழும்பில் உதயமாகிய ஒலிபரப்பு மரபொன்றின் தலையாய சாதனை சென்னையில் பிறந்த பாட்டுகளைச் சுழலவிட்டதுதான் என்று சாதிப்பது, அயல்வீட்டிலிருந்து வந்த பலகாரத்தைப் புகழ்ந்துகொண்டே சொந்த அடுப்பில் வெந்த சோற்றை மறப்பதற்கு ஒப்பாகும். நமக்கென்று ஹாஸ்யமே கிடையாது, சிரிப்பும் சினிமாவோடு கப்பலேறி வந்த சரக்கே என்ற அபிப்பிராயமும் இந்த மறதியின் குழந்தைதான். படித்தவர்களே இதைச் சொல்லக் கேட்கும்போது எனக்கு மிகுந்த மனவருத்தம் உண்டாகிறது.

இலங்கையர்கோனை எடுத்துக்கொள்வோம். ஈழத்துச் சிறுகதையின் மூலவர் மூவருள் ஒருவர் என்று விமரிசகர்கள் அவருக்கு ஆசனம் அளிக்கிறார்கள், அது நியாயமே. ஆனால் வானொலிக்காக அவர் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ என்ற தொடர் நாடகத்துக்கு அதே விமரிசகர்கள் ஒற்றை வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை. காரியாதிகாரியாக உத்தியோகம் பார்த்து, கிராமத் தலைவர்களான விதானைமாரின் அதிகாரத்தையும் அந்தஸ்தையும் அன்றாடம் அருகிருந்து கண்ட ஒருவர், அந்த விதானையாரின் வீட்டை நாடகமாக்கினார் என்பது அற்ப விஷயமன்று. 1961-இல் இலங்கையர்கோன் காலமானார். 1963-இல் விதானைப் பதவியே ஒழிந்து கிராம சேவகர் வந்தார். மறையவிருந்த ஓர் உலகத்தின் பேச்சையும் நடையையும், அது மறைவதற்குச் சற்று முன்னதாக, அச்சிலல்ல, குரலில் பிடித்துவைத்த ஒரு படைப்பை இலக்கியக் கணக்கில் சேர்க்க மறுப்பது எந்த நியாயத்தில் அடங்கும்? ‘சானா’ என்ற சண்முகநாதன் நாடகத் தயாரிப்பாளராக இருந்த காலத்தில் புகழ்பெற்ற ‘லண்டன் கந்தையா’வுக்கு நேர்ந்த கதியும் இதுவே.

எழுபதுகளில் வந்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடரைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ். ராமதாஸ் எழுதியது, மரிக்காராகவும் அவரே நடித்தார். ராஜகோபால் அப்புக்குட்டியானார், செல்வசேகரன் உபாலியானார், அப்துல் ஹமீதோ ஐயரானார். முஸ்லிம் வியாபாரியின் தமிழ், யாழ்ப்பாணத்தானின் தமிழ், சிங்களவன் தட்டுத்தடுமாறிப் பேசும் தமிழ், அக்கிரகாரத் தமிழ் என்று நான்கு தமிழ்களும் ஒரே ஒலிவாங்கியின் முன் மோதி நின்றன. முகம் காணாத ஊடகத்தில் கோணங்கித்தனத்துக்கு இடமில்லை. பேச்சின் இழுப்பிலும், நிறுத்தத்திலும், ஒருவர் சொன்னதை மற்றவர் வேறாக விளங்கிக்கொள்வதிலுமே சிரிப்புப் பிறக்க வேண்டும். அந்த நால்வரும் அதைச் சாதித்தார்கள். 1976-இல் ‘கோமாளிகள்’ என்று அது திரைப்படமாயிற்று. வானொலி சினிமாவிடம் கடன் வாங்கியது என்பவர்கள், இங்கே கடன் எத்திசையில் சென்றது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இத்தகைய ஹாஸ்யம் ஒரு சமூகத்தாரின் பேச்சை மற்றவர் பழித்துக் காட்டுவதேயன்றி வேறில்லை என்று ஆட்சேபிப்பார் உளர். இந்த ஆட்சேபத்தை அலட்சியம் செய்ய முடியாது. அமெரிக்காவில் 1928-இல் தொடங்கிப் பெரும்புகழ் ஈட்டிய ‘ஏமோஸ் அன்ட் ஆண்டி’ என்ற வானொலித் தொடரில், வெள்ளையர் இருவர் கறுப்பின மக்களின் பேச்சை நடித்துப் பணமும் புகழும் சம்பாதித்தார்கள். சிரித்தவர் ஒரு பக்கம், சிரிக்கப்பட்டவர் மறுபக்கம். நமது கோமாளிகளிடம் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. மரிக்காரிடம் அப்புக்குட்டி ஏமாறுவான். உபாலியிடம் இருவரும் மாட்டிக்கொள்வர். எவனும் எப்போதும் மேலேயிருந்து சிரித்ததில்லை. இனத்துவேஷம் நாட்டை அரித்துக்கொண்டிருந்த ஒரு தசாப்தத்தில் இது சாதாரணக் காரியமா?

கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ ஒருவரே நின்று நடத்திய நாடகம். பஸ் நடத்துனர் ஒருவரின் வாய்ப்பேச்சினாலேயே நெரிசலும், ஏறுவோரும், இறங்குவோரும், முன்னாலிருக்கும் சாரதியும் கேட்பவன் கண்முன் வந்து நின்றுவிடுவார்கள். நாடகக் கலையைக் கற்பிப்போர் மாணவர்க்கு முதற்பாடமாகப் போட்டுக்காட்ட வேண்டியது இதுவென்பேன்.

வெருகலுக்குத் தெற்கே, வாகரைக்கு வடக்கே கிடக்கும் எங்கள் கதிரவெளிக்கு இந்தத் தொடர்கள் பற்றரியின் தயவில் வந்து சேர்ந்தன. தேய்ந்துபோன பற்றரிகளைப் பகல் முழுதும் வெயிலில் காயவைத்து, இரவில் ஒரு நாடகம் கேட்கும் அளவுக்கு உயிர் மீட்டெடுப்பார்கள். பெட்டி இருந்த வீட்டு முற்றத்தில் பெட்டி இல்லாத வீட்டாரும் பாயை விரித்துக்கொண்டு அமர்வார்கள். யாழ்ப்பாணப் பேச்சிலே சில சொற்கள் பிடிபடாமற் போனால், “என்னகா சொல்றான்?” என்று ஒரு பெரியம்மா கேட்பா, பக்கத்திலிருப்பவர் விளக்கிச் சொல்ல, நாடகம் அடுத்த சிரிப்புக்குப் போய்விடும். மட்டக்களப்புத் தமிழுக்கு அந்த நாடகங்களில் நடுநாயக ஸ்தானம் கிடைக்கவில்லை என்பது என் தீராத குறை. கூத்துக்களரியில் கட்டியகாரனைக் கண்டு விடிய விடியச் சிரித்த ஒரு ஜனத்தின் பேச்சை வானொலி மேலும் நாடியிருக்க வேண்டும். ஆனால் இந்தக் குறை, அந்நாடகங்களை மதிப்பவன் சொல்லும் குறை. அவற்றை மறப்பதற்கான முகாந்திரம் அன்று.

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1951-இல் தொடங்கிய ‘கூன் ஷோ’ என்ற ஹாஸ்யத் தொடரை இன்றும் மறுஒலிபரப்புச் செய்கிறது, அதைப் பற்றி நூல்கள் எழுதப்படுகின்றன. நமது நாடகங்களோ பெரும்பாலும் ஒலித்த அன்றே காற்றோடு போயின. 2004-இல் ஆழிப்பேரலையும் 2006-இல் யுத்தமும் புகுந்த எங்கள் ஊரில் பழைய ஒலிநாடாக்களைத் தேடுவது வீண். ரொறொன்ரோவிலும் பரிஸிலும் லண்டனிலும் உள்ள நம்மவர் வீடுகளில், கலியாண வீடியோக்களுக்கு அடியில், இந்நாடகங்களின் கஸெற்றுகள் இன்னும் கிடக்கக்கூடும். பூஞ்சணம் பிடிக்கும் முன் அவற்றை எடுத்துத் துடைத்து, எண்ணிமப்படுத்தி, நூலக நிறுவனத்தின் ஒலி ஆவணங்களோடு சேர்ப்பிக்க வேண்டும். எழுத்துப் பிரதி வைத்திருப்போர் அவற்றை அச்சேற்ற வேண்டும். அதன்பிறகு, கேட்டுவிட்டு, இவை சில்லறைதான் என்று எவரேனும் சொல்வாராயின், அவரோடு வாதிட நான் ஆயத்தமாயிருக்கிறேன்.