பெர்மிட்டுக்கு மார்க் போடுவது யார்?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வேதம் படிக்கிற மாணவர்களுக்கு எவ்வளவு, பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலையின் மருத்துவனுக்கு எவ்வளவு நெல், மருந்து கொண்டுவருகிறவர்களுக்கு எவ்வளவு என்று 11ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தமிழனின் மருத்துவப் பெருமை என்று மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். நமக்கு அதில் தெரிவது வேறு. ஊர்ச் சொத்திலிருந்து யாருக்கு எவ்வளவு என்பதை ஒரு விதிதான் முடிவு செய்கிறது. விதியை எழுதுகிற கை யாருடையதோ, அவர்களைச் சேர்ந்தவர்களின் உலைக்குத்தான் முதல் நெல் போகிறது.

இன்றைக்குப் பங்கு போடப்படுகிற ஊர்ச் சொத்துகளில் ஒன்று சாலை. நம் வரிப்பணத்தில் போட்ட சாலையில் பஸ் விட்டுக் காசு பண்ணுகிற உரிமைக்குப் பெயர் பெர்மிட். 2025இல் தமிழகத்தில் 'புதிய விரிவான மினி பஸ் திட்டம்' நடைமுறைக்கு வந்தது. ஜூன் மாதம் தஞ்சாவூரில் தொடங்கி வைத்தார்கள். 25 கிலோமீட்டர் வரை நீளம் கொண்ட தடங்களில், பஸ் எட்டாத ஊர்களைப் பஸ் ஓடுகிற ஊர்களோடு இணைக்கத் தனியாரிடம் விண்ணப்பம் வாங்கிப் பெர்மிட் கொடுப்பது திட்டம். அதே மாதக் கடைசியில் சென்னை வியாசர்பாடியில் 120 மின்சார பஸ்கள் விடப்பட்டன. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரில் ஓடினாலும், அவை கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசி ஒரு கம்பெனி ஓட்டுகிற பஸ்கள்.

பஸ் இல்லாத ஊருக்குப் பஸ் வருவதை நாம் ஏன் வேண்டாம் என்று சொல்லப் போகிறோம்? காஞ்சிபுரம் தறிக்கும், ஒரகடம் கம்பெனி ஷிப்டுக்கும், வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியவர்கள் நம்ம சனங்கள்தான். பைக் இல்லாதவன், ஆட்டோவுக்குக் காசில்லாதவன், மழையில் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கிற பிள்ளை, எல்லாம் சேரிக்காரன்தான். வரட்டும். ஆனால் தனியாரின் விண்ணப்பம் மேசைக்கு வரும்போது அதிகாரி எதைப் பார்த்து 'சரி' போடுகிறார், எதைப் பார்த்துத் தள்ளுகிறார் என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். இயக்கங்கள் இதுவரை இதைப் பெரிதாகக் கேட்டதில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம்.

பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, பெர்மிட் கொடுக்கும்போது பொதுமக்கள் நலனைப் பார்க்கச் சொன்னது. ஏற்கெனவே ஓடும் பஸ்கள் போதுமா என்று பார்க்கச் சொன்னது. குறிப்பிட்ட வட்டாரத்துக்கு அதனால் என்ன நன்மை என்றும் பார்க்கச் சொன்னது. 'வட்டாரம்' என்று எழுதியிருந்ததை ஊர் என்று படித்தார்கள். சேரி என்று யாரும் படிக்கவில்லை. 1956 ஏப்ரலில் சென்னை மாநில அரசு 1298ஆம் எண் ஆணையை வெளியிட்டது. விண்ணப்பதாரர்களுக்கு மார்க் போடுகிற முறை அப்போது வந்தது. எதற்கெல்லாம் மார்க்? கையில் ஏற்கெனவே பஸ் இருக்கிறதா, அது ஐந்து பஸ் கொண்ட 'கட்டுபடியாகும்' கம்பெனியாக வளருமா என்பதற்கு மார்க். சொந்தமாக ஒர்க்ஷாப் இருந்தால் மார்க். தடத்திலேயே வீடோ ஆபீசோ இருந்தால் மார்க். பஸ் ஓட்டி அனுபவம் இருந்தால் மார்க்.

தோழர்களே, இந்தக் கேள்வித்தாளில் நம்ம ஆள் ஒருவன் எத்தனை மார்க் வாங்கியிருப்பான்? பஸ்ஸில் ஏறவே விடாமல் வைத்திருந்தவனிடம் பஸ் ஓட்டிய அனுபவம் கேட்டார்கள். மனைப்பட்டா இல்லாதவனிடம் ஒர்க்ஷாப் கேட்டார்கள். 1964இல் ராஜகோபால நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஆணையைச் செல்லாது என்றது. ஏழைக்கு அநியாயம் என்பதற்காக அல்ல. நீதிமன்றம் போல நடுநிலையாக முடிவெடுக்க வேண்டிய அதிகாரிக்கு அரசு இப்படி உத்தரவு போட முடியாது என்பதற்காக. வழக்காடியவர்களும் பஸ் முதலாளிகள்தான். பிறகு 155-ஏ என்ற விதியாக மார்க் மறுபடியும் வந்து உட்கார்ந்தது.

'சரி, மார்க் வேண்டாம், சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கலாம், அதில் சாதி எங்கே வருகிறது' என்று சிலர் கேட்பார்கள். திருமுக்கூடலுக்குப் பக்கத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. சனநாயகத்தின் தொட்டில் என்று பிரதமர்கள் வரை புகழ்கிற குடவோலைக் கல்வெட்டு அங்கேதான். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒன்றுமறியாத சிறுவன். ஆனால் குடத்துக்குள் பெயர் விழ வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். குலுக்குகிற கை சுத்தமாக இருந்து என்ன பயன், குடத்துக்குள் ஒரு சாதியாரின் பெயர்தானே கிடந்தது? 1956 ஆணையில் வீடு, சொத்து, அனுபவம் என்று கேட்டதற்கும், 10ஆம் நூற்றாண்டில் மனை, நிலம், வேதம் என்று கேட்டதற்கும் என்ன வித்தியாசம் என்று மாணவத் தோழர்கள் யோசிக்கட்டும்.

நமக்காகச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையா? இருந்தது. 1978இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பஸ் பெர்மிட்டில் பட்டியல் சாதிகளுக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். அரசு வேலையில் மட்டுமல்ல, தொழில் உரிமத்திலும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட திருத்தம் அது. பத்து வருஷம் கழித்து, 1988இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 71ஆம் பிரிவில் அந்த ஒதுக்கீட்டை வைத்தார்கள், ஆனால் எப்படி வைத்தார்கள்? மத்திய அரசு உத்தரவிட்டு, 5 லட்சத்துக்குக் குறையாத மக்கள்தொகை உள்ள நகரங்களில் பஸ்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினால்தான் ஒதுக்கீடு. வரம்பு கட்டாவிட்டால் ஒதுக்கீடும் கிடையாது. காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 2 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அப்படியானால் திருமுக்கூடலுக்கும் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும் போகிற மினி பஸ்ஸில் நமக்கு ஒதுக்கீடு கொடு என்று இந்தப் பிரிவு யாரையும் கட்டாயப்படுத்தாது. நாம் பெருந்தொகையாக வாழ்வது கிராமத்தில். ஒதுக்கீடு எழுதியிருப்பது பெருநகரத்துக்கு.

அந்தப் பிரிவிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ஒதுக்கீடு போக மீதிப் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கிறவரின் 'நிதி நிலைத்தன்மை'யைப் பார்க்க வேண்டுமாம். பெரிய முதலாளியிடம் இதே கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள்? 2010இல் ஐதராபாத் மெட்ரோவை எல் அண்ட் டி கம்பெனி எடுத்தபோது, திட்டம் தன்னால் கட்டுபடியாகாது என்பதை ஈடுகட்ட 1,458 கோடி ரூபாய் மத்திய அரசின் உதவியாக ஒப்புக்கொள்ளப்பட்டது. கூடவே நிலத்தை வளர்த்து வருமானம் பார்க்கிற உரிமை. இதற்கென்றே டில்லியில் தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். 'கட்டுபடியாகும் இடைவெளி நிதி' என்று அதற்குப் பெயர். முதலாளிக்குக் காசு போதவில்லை என்றால் அது இடைவெளி, கஜானாவிலிருந்து நிரப்ப வேண்டியது. சேரிக்காரனுக்குக் காசு போதவில்லை என்றால் அது தகுதிக்குறைவு, விண்ணப்பத்தைத் தள்ள வேண்டியது. டில்லி விமான நிலைய மெட்ரோவை எடுத்த ரிலையன்ஸ் கம்பெனி 2013இல் பாதியில் விட்டுவிட்டுப் போனது. அரசு நிறுவனம்தான் எடுத்து ஓட்டியது. நஷ்ட ஈட்டு வழக்கு 2024 வரை உச்ச நீதிமன்றத்தில் இழுத்தது. இத்தனைக்கும் அந்த முதலாளிகள் எல்லாத் தகுதியும் உள்ளவர்கள் என்று மதிப்பீட்டில் தேறியவர்கள்.

பஸ் யார் கையில் இருந்தால் என்ன, ஓடினால் போதாதா என்று கேட்கிறவர்கள் நம் வரலாறு தெரியாதவர்கள். 1929இல் சாலிஸ்காவ் ரயிலடியில் இறங்கிய அண்ணல் அம்பேத்கருக்குக் குதிரை வண்டி ஓட்ட ஒருத்தனும் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். பழக்கமில்லாத ஆள் ஓட்டி, வண்டி விபத்துக்குள்ளாகி, அவர் தூக்கி எறியப்பட்டார். நம் மாகாணத்தில் பஞ்சமருக்கு இடமில்லை என்று சொல்லியே பஸ் நடத்தினார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு உரிமம் ரத்து என்று உத்தரவு போட்ட பிறகுதான் கதவு திறந்தது. உரிமம் கொடுக்கிற அதிகாரத்தை நியாயத்துக்காகப் பயன்படுத்த முடியும் என்று காட்டிய உத்தரவு அது.

பஸ்கள் அரசுடைமை ஆன பிறகு சாதி இறங்கிப் போய்விட்டதா? 1995இல் கொடியன்குளம் வரை போன கலவரத்தின் தொடக்கம் வீரசிகாமணியில் ஒரு பஸ் டிரைவருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் நடந்த தகராறு. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். எங்கள் பஸ்ஸில் அந்தப் பெயரா என்று ஆதிக்கச் சாதியினர் கொதித்தார்கள். கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. அதே 1997 ஜூன் 30இல் மேலவளவு முருகேசனையும் தோழர்களையும் பஸ்ஸை மறித்துத்தான் வெட்டினார்கள். மினி பஸ் திட்டம் முதன்முதலில் வந்ததும் அந்த 1997இல்தான்.

இருந்தாலும் அரசுக் கழகம் நமக்கு ஒன்றைக் கொடுத்தது. கண்டக்டர், டிரைவர், மெக்கானிக் வேலைகளில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். காக்கிச் சட்டை போட்டு விசில் ஊதுகிறவன் சேரிக்காரனாக இருந்தால், 'ஏய், பின்னால போய் உட்காரு' என்று சொல்ல ஊர்க்காரனுக்கு நாக்கு கூசும். அந்தச் சம்பளத்தில் படித்து மேலே வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! இன்றைக்குச் சென்னையின் வாடகை மின்சார பஸ்ஸில் கண்டக்டர் கழகத்தின் ஆள், டிரைவர் கம்பெனியின் ஆள். டிரைவர் சீட்டில் இருந்த ஒதுக்கீடு சத்தமில்லாமல் இறக்கிவிடப்பட்டது. அதற்காக எந்தச் சட்டத்தையும் திருத்தவில்லை, டெண்டர் படிவத்தில் அந்த வரி இல்லாமல் போனது, அவ்வளவுதான். 2021இலிருந்து பெண்களுக்குக் கிடைக்கிற கட்டணமில்லாப் பயணமும் அரசுக் கழகத்தின் சாதாரண பஸ்ஸுக்கு உரியது. களை வெட்டப் போகிற அம்மாவுக்கு அரசு பஸ் ஒரு செலவு மிச்சம், தனியார் பஸ் ஒரு செலவு.

டெண்டரில் சாதி பார்க்கலாமா என்று நம்மைக் கேட்க வருவார்கள். கர்நாடகம் 2017இல் தன் டெண்டர் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்த வேலைகளில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பங்கு வைத்தது. 2023இல் அந்த வரம்பை 1 கோடி ரூபாய் வேலை வரை உயர்த்தியது. அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. இங்கே அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் என்று 2023இல் கொண்டுவந்து, தொழில் தொடங்க 35 சதவீத மானியம் என்றார்கள். வண்டி வாங்க ஒரு கை மானியம் நீட்டும்போது, அந்த வண்டி ஓடத் தடம் கொடுக்கிற கை ஏன் மடங்கியே இருக்கிறது?

ஆகவே நாம் முன்வைப்பவை இவை.

ஒன்று: மினி பஸ் உட்பட எல்லாப் பஸ் பெர்மிட்டிலும், கிராமம் நகரம் என்று பார்க்காமல், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வேலைவாய்ப்பில் உள்ள அதே விகிதத்தில் ஒதுக்கீடு வேண்டும். 71ஆம் பிரிவின் 5 லட்சம் வரம்பை நீக்க மாநில அரசு மத்திய அரசை நெருக்க வேண்டும். அதுவரை தன் சொந்தத் திட்டத்தில் அதைத் தானே எழுதிக்கொள்ளட்டும்.

இரண்டு: பெர்மிட் பினாமியின் கைக்குப் போகக் கூடாது. பெட்ரோல் பங்க் ஒதுக்கீட்டில் நம் பெயரை வைத்து மற்றவன் கல்லா கட்டுகிற கதை போதும். பெர்மிட்டை மாற்றுவதானால் இன்னொரு தலித்துக்கு மட்டுமே மாற்ற வேண்டும். கூட்டுறவுச் சங்கத்துக்கு முன்னுரிமை என்று 71ஆம் பிரிவே சொல்கிறது. தலித் பெண்கள் சங்கம் அமைத்து விண்ணப்பித்தால் முதலில் அவர்களுக்குக் கொடுக்கட்டும்.

மூன்று: விண்ணப்பத்தை மதிப்பிடும்போது, பஸ் சேரிக்குள் நிற்குமா, எத்தனை முறை நிற்கும், முதல் நடையும் கடைசி நடையும் அங்கே உண்டா என்பதற்கு எடை கொடுக்க வேண்டும். 'ஊர் நிறுத்தம்' ஒன்றைக் காட்டிக் கணக்கு முடிக்கக் கூடாது.

நான்கு: வாடகை பஸ் ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் டிரைவர், மெக்கானிக் வேலைகளில் இட ஒதுக்கீடு அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். மீறினால் ஒப்பந்தம் ரத்து.

ஐந்து: பொது வாகனத்தில் ஏற்ற மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சேவை மறுத்துத் தண்டனை பெற்றவரின் உரிமத்தை ரத்து செய்யவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. அது ஒவ்வொரு பெர்மிட்டின் நிபந்தனையாக அச்சிடப்பட வேண்டும்.

அரசு தானாகக் கொடுத்துவிடும் என்று நாம் நம்பவில்லை. தோழர்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போகிற மாணவர்கள் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் எந்த பஸ் எந்த நேரத்தில் வருகிறது, சேரியில் நிற்கிறதா, ஊரில் மட்டும் நிற்கிறதா, ஓட்டுகிறவன் யார், பெர்மிட் யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, உங்கள் வட்டத்து மினி பஸ் தடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் யார், தேர்ந்தெடுத்தது எப்படி என்று கேளுங்கள். கிராம சபையில் தடத்தைப் பற்றித் தீர்மானம் போடுங்கள். திருமுக்கூடலில் தொடங்குங்கள், உத்திரமேரூரில் தொடங்குங்கள், உங்கள் ஊரில் தொடங்குங்கள். எழுதியதை நமக்கு அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் ஊர் ஊராக வெளியிடுவோம்.