பார்க்காத கணக்குக்குப் பணமா?

பால்காரர் அரை லிட்டர் கூடுதலாக எழுதிவிட்டால் நம் வீடுகளில் பெரிய வழக்கே நடக்கும். காலண்டரில் போட்ட கோடுகள் சாட்சிக்கு வரும். ஆனால், கிரெடிட் கார்டுக் கணக்கு வந்தால், மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். இது என்ன நியாயம்?

திருடன் பல சமயம் எடுத்த எடுப்பில் ஐம்பதாயிரத்தில் கை வைப்பதில்லை. முதலில் பத்து, இருபது ரூபாய் எடுத்துப் பார்க்கிறான். கேட்பாரில்லை என்று தெரிந்தால் பெரிய தொகைக்குப் பாய்கிறான். ஆகவே, சின்னத் தொகையைத்தான் பெரிதாகக் கவனிக்க வேண்டும்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல விதி செய்தது. தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை என்னும்போது, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நஷ்டம் நமக்கில்லை என்றது. பொறுப்பு நம்முடையதென்று நிரூபிக்கும் கடமையையும் வங்கியின் மேலேயே சுமத்தியது.

ஆனால், கணக்கையே பாராதவரை எந்த விதி காப்பாற்றும்? செல்போனில் வரும் தகவலை அன்றைக்கே பாருங்கள். மாதக் கணக்கை வரி விடாமல் படியுங்கள். வாங்காத பொருளுக்குப் பற்று எழுதியிருந்தால், உடனே கார்டை முடக்கச் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். கேட்கக் கூச்சம் எதற்கு? போவது நம் பணமல்லவா!