யாருக்காகப் பாடிய பாட்டு?

படம் எப்படி என்று கேட்டால், "நிஜமாக நடந்த கதை!" என்று பதில் சொல்கிற ரஸிகர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அதற்கு மேல் அவர்களுக்குச் சிபாரிசு வேண்டியதில்லை. நிஜமாக நடந்தது எவ்வளவு, படம் எடுத்தவர்களின் சௌகரியத்துக்காக நடந்தது எவ்வளவு என்று நாம் கேட்கத் தொடங்கினால், ரஸனையற்றவர் என்று நம்மைத் தள்ளி விடுவார்கள். அந்த அபவாதத்துக்குத் துணிந்தே, 2005-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளியான 'வாக் தி லைன்' என்னும் படத்தைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தை சொல்ல முன்வருகிறோம்.

அமெரிக்காவின் தென் மாகாணங்களில், பருத்திக் காட்டிலும் கிறிஸ்தவ ஆலயத்திலும் சாராயக் கடையிலுமாக வளர்ந்த சங்கீதம் ஒன்று உண்டு. 'கன்ட்ரி' சங்கீதம் என்று அதற்குப் பெயர். ஜானி காஷ் அதில் ஒரு சக்கரவர்த்தி. 1932-ல் ஆர்க்கன்ஸா மாகாணத்தில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். கறுப்பு உடை தரித்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரலில் பாடியவர். 1968-ல் ஃபோல்ஸம் சிறைச்சாலைக்குள்ளேயே சென்று கைதிகளுக்குக் கச்சேரி செய்தவர். 2003-ல் காலமானார். படம் அந்தச் சிறைச்சாலையில்தான் ஆரம்பமாகிறது. கச்சேரிக்கு முன் அங்குள்ள பட்டறையில் ஒரு மர ரம்பத்தருகே அவர் நிற்கிறார். 1944-ல் ரம்பத்தில் அடிபட்டு மாண்ட அண்ணனின் ஞாபகம் அவருக்கு வருகிறது. டைரக்டர் ஜேம்ஸ் மான்கோல்டு இந்த இடத்தை வெகு நன்றாக அமைத்திருக்கிறார்.

படத்தைப் பார்த்தவர்களின் அபிப்பிராயங்கள் பலவிதம். காஷாக நடித்த ஹோக்கீன் ஃபீனிக்ஸும், ஜூன் கார்ட்டராக நடித்த ரீஸ் விதர்ஸ்பூனும் இரவல் குரல் வாங்காமல் தாங்களே பாடியிருக்கிறார்கள். "காஷின் குரல் எங்கே, இது எங்கே?" என்பது ஒரு கட்சி. "அசல் குரல்தான் வேண்டுமென்றால் இசைத்தட்டைக் கேட்டுக்கொள், நடிகன் உயிரைக் கொடுத்துப் பாடுவதே நடிப்பு" என்பது எதிர்க்கட்சி. பாட்ஸி க்ளைனைப் பற்றி 1985-ல் வந்த 'ஸ்வீட் டிரீம்ஸ்' படத்தில் நடிகை வாயை மட்டும் அசைக்க, அசல் இசைத்தட்டே பாடிற்று. அங்கேயும் குறை சொன்னவர்கள் உண்டு. நாம் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர்கள். விதர்ஸ்பூனுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது நியாயமே.

"பாடகர் சரித்திரமெல்லாம் ஒரே அச்சு: குழந்தைப் பருவத்தில் துக்கம், பிறகு கீர்த்தி, பிறகு மாத்திரை, கடைசியில் காதலால் மோக்ஷம்" என்று அலுத்துக் கொண்டவர்களும் இருந்தார்கள். முந்திய வருஷம் வந்த 'ரே' படத்தையும் இதையும் அருகருகே வைத்தால் அவர்கள் சொல்வதை மறுப்பது கஷ்டம். 2007-ல் இந்த அச்சையே பரிகாசம் செய்து 'வாக் ஹார்ட்' என்று ஒரு ஹாஸ்யப் படம் வந்துவிட்டது.

ஆனால் பெரும்பாலோர் மனமுருகியது காதல் கதைக்காகத்தான். கச்சேரிக் குழுவில் கூடப் பாடுகிற ஜூன் கார்ட்டரைக் காஷ் வருஷக்கணக்காக விரும்புகிறார். மாத்திரைப் பழக்கத்திலிருந்து அவள் அவரை மீட்கிறாள். 1968-ல் கானடா நாட்டின் லண்டன் நகரில், மேடையிலேயே, ஜனங்களின் முன்னிலையில் விவாகத்துக்குச் சம்மதம் கேட்டுப் பெறுகிறார். கேட்டது நிஜம், சம்மதித்ததும் நிஜம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்களைக் குறை கூற மாட்டோம். நமக்கும் அப்படித்தான் இருந்தது.

வெளியே வந்த பிறகுதான் படத்தின் பெயரைப் பற்றி யோசித்தோம். 'ஐ வாக் தி லைன்' என்பது காஷ் 1956-ல் வெளியிட்ட பாட்டு. நெறி தவறாமல் நடப்பேன் என்று மனைவிக்குக் கொடுக்கும் வாக்கு அது. எந்த மனைவிக்கு? ஜூன் கார்ட்டருக்கு அல்ல. அப்பொழுது அவர் மனைவி விவியன் லிபர்ட்டோ.

படத்தில் விவியன் யார்? எந்நேரமும் குறை கூறுகிறவள். புருஷனுடைய சங்கீதத்தில் நம்பிக்கையில்லாதவள். கதாநாயகனும் கதாநாயகியும் சேருவதற்கு இடையூறு. அவள் வீட்டை விட்டுப் போனால்தான் நமக்கு நிம்மதி என்கிற முறையில் காட்சிகள் அமைந்திருக்கின்றன. அவர்கள் 1951-ல் ஸான் அன்டோனியோவில், சக்கரப் பாதுகை கட்டிக்கொண்டு விளையாடும் கொட்டகை ஒன்றில் சந்தித்தார்கள். உடனே காஷ் விமானப் படை உத்தியோகமாக ஜெர்மனிக்குப் போய்விட்டார். மூன்று வருஷ காலம் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கடிதம் எழுதிக்கொண்ட பிறகு, 1954-ல் விவாகம். நான்கு பெண் குழந்தைகள். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போன மனுஷன் மாத்திரைக்கு அடிமையானபோது, அந்த நால்வரையும் வளர்த்தது அவர்தான்.

அந்த நால்வரில் ஒருவரான காதி காஷ், குடும்பத்தாருக்காகப் படத்தைக் காட்டியபோது பார்க்கச் சகியாமல் எழுந்து வெளியே போனதாக அக்காலத்தில் பத்திரிகைகளில் வந்தது. நடிப்பைப் பற்றி அவருக்குக் குறையில்லை. தகப்பனாரின் தொழிலை வெறுத்தவராகத் தாயாரைக் காட்டியது பொய் என்பதே அவர் வழக்கு. படத் தயாரிப்பில் பங்கு கொண்டவர்களில் ஒருவர் இரண்டாம் விவாகத்தில் பிறந்த பிள்ளை என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். கெட்ட எண்ணம் என்று நாம் சொல்லவில்லை. எந்தப் பிள்ளைக்கும் தன் தாயார்தான் கதாநாயகி.

"இரண்டு மணி நேரத்தில் எல்லாருக்கும் நியாயம் செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்கள். லொரெட்டா லின் என்ற பாடகியைப் பற்றி 1980-ல் வந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' படத்தில் முடிந்திருக்கிறது. அந்தப் புருஷனிடம் குற்றங்கள் அநேகம். படம் அவற்றை மறைக்கவில்லை. ஆயினும் அவன் நமக்கு அந்நியனாகிவிடவில்லை. படம் வந்தபோது புருஷன், மனைவி இருவருமே உயிரோடிருந்தார்கள் என்பது ஒரு காரணமாயிருக்கலாம்.

விவியன் விஷயத்தில் விட்டுப்போனது நியாயம் மட்டுமல்ல, நல்ல கதையும்கூட. 1965-ல் எல் பாஸோ நகரில் மாத்திரைகளுடன் காஷ் பிடிபட்டார். விசாரணைக்குப் புருஷனுடன் வந்த விவியனை நியாயஸ்தலத்துக்கு வெளியே போட்டோ எடுத்தார்கள். அதைப் பார்த்து, வெள்ளை நிற வெறியர்களின் பத்திரிகை ஒன்று, "காஷின் மனைவி கறுப்பினத்தவள்" என்று கூச்சல் கிளப்பிற்று. வெள்ளையரும் கறுப்பரும் மணப்பது பல மாகாணங்களில் சட்ட விரோதமாயிருந்த காலம். 1967-ல் உயர்ந்த நீதிமன்றம் அச்சட்டங்களை ரத்துச் செய்தபோதுகூட 16 மாகாணங்களில் அவை அமலில் இருந்தன. கொலை மிரட்டல்கள் வந்தன. மனைவி வெள்ளைக்காரியே என்று காஷின் தரப்பார் அத்தாட்சி தேடி மறுப்பு வெளியிட்டார்கள். விவியனின் தாய்வழி முன்னோரில், அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒரு பெண்மணி உண்டு என்பது 2021-ல் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் அவருடைய மூத்த பெண் ரோஸான்னுக்குத் தெரியவந்தது. மிரட்டல்களுக்கிடையே நான்கு குழந்தைகளுடன் வீட்டிலிருந்த ஸ்திரீயின் முகத்தில் கடுகடுப்பு இருந்தால் அதற்குச் சங்கீத வெறுப்புதானா காரணம்? இந்தச் சம்பவத்தில் ஒரு காட்சிகூடப் படத்தில் கிடையாது.

விவியன் 2005 மே மாதம் காலமானார். படம் அமெரிக்கக் கொட்டகைகளுக்கு வந்தது நவம்பரில். அவர் தயாரித்து வைத்திருந்த நினைவுப் புத்தகம் 2007-ல் வெளிவந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த கடிதங்கள் அதில் இருக்கின்றன. நான்கு பெண்களும் தாயாரைப் பற்றிப் பேசும் 'மை டார்லிங் விவியன்' என்ற உண்மைப் படம் 2020-ல் வந்தது. காதல் கதைக்காகக் கண்ணீர் விட்டவர்கள் அதையும் பார்க்க வேண்டும். புத்தகத்தின் பெயர் 'ஐ வாக்ட் தி லைன்'. பாட்டில் 'நடக்கிறேன்' என்று இருந்ததை விவியன் 'நடந்தேன்' என்று மாற்றியிருக்கிறார்.